அடுப்புக்கு மூன்று கல்: அமெரிக்கக் காற்பந்து உணர்த்தும் சமநிலை



நம் பள்ளித் திடல்களில் ஆடப்பெறாத ஒரு விளையாட்டைப் பற்றி இம்முறை எழுத விழைகிறேன். அஃது அமெரிக்கக் காற்பந்து. திடலில் ஆடாவிட்டாலும், கைப்பேசித் திரையில் இவ்விளையாட்டின் காட்சித் துண்டுகளை நம் மாணவர்களில் சிலர் விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை, ஒருவர் நெடுந்தொலைவுக்குப் பந்தை எறிய, மற்றொருவர் தாவிப் பிடிக்கும் காட்சிகளே. ஆதலால், நன்றாக எறியத் தெரிந்த ஒருவர் இருந்தால் வெற்றி உறுதி என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. மறுபுறம், தற்காப்பே வாகை சூடித் தரும் என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. இவ்விரண்டுமே பாதி உண்மைகள் என்பது என் கருத்து.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஒவ்வொரு குழுவிலும் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் குழு, நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். அல்லது முன்னால் இருக்கும் தோழருக்கு எறியலாம். எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவர்களைத் தடுத்து நிறுத்துவது தற்காப்பு.

எறிதல் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1906-ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் பந்தை முன்னோக்கி எறிவதை விதிகள் ஏற்கவில்லை. ஆட்டம் முழுவதும் முட்டலும் மோதலுமாக இருந்தது, இளைஞர்கள் உயிரிழந்தனர். 1905-இல் அதிபர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. மறு ஆண்டில் எறிதல் சட்டமாயிற்று. பின்னர் 1978-ஆம் ஆண்டின் விதித் திருத்தங்கள், பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தற்காப்பாளர் தொடுவதற்குக் கடுமையான வரம்பு விதித்தன. அன்று முதல் எறிதலின் செல்வாக்கு ஓங்கியது.

ஒன்றுக்கொன்று துணை

எறிதல், ஓட்டம், தற்காப்பு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. எறிந்த பந்தை எவரும் பிடிக்காவிடில் கடிகாரம் நிற்கும். ஓடுபவர் களத்தினுள் வீழ்த்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே, ஓடி ஓடிச் சிறுகச் சிறுக முன்னேறும் குழு நேரத்தைத் தன் வசம் வைத்துக்கொள்கிறது. அந்நேரத்தில் அதன் தற்காப்பாளர்கள் ஓரத்தில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். மூன்று முறை எறிந்து மூன்றும் தவறினாலோ, ஒரு நிமிடத்திற்குள் அவர்கள் மீண்டும் களமிறங்க வேண்டியதுதான்.

அதுபோலவே, ஓட்டத்திற்கு அஞ்சித் தற்காப்பாளர்கள் முன்னால் நெருங்கி வந்தால், அவர்களுக்குப் பின்னால் எறிவதற்கு இடம் கிடைக்கும். எறிதலுக்கு அஞ்சிப் பின்வாங்கினால் ஓடுவதற்கு இடம் கிடைக்கும். ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கைநீட்டிக் கொடாமல், அடுத்த கணம் எறிந்துவிடும் உத்தியும் இதனால் எழுந்ததே. தற்காப்பு வலுவாக இருந்தால், புள்ளிக்காகப் பதற்றப்பட்டு ஆபத்தான எறிதல்களில் இறங்க வேண்டிய கட்டாயமும் இராது. அடுப்புக்கு மூன்று கல் என்பார்கள் நம் பெரியோர். ஒரு கல் சாய்ந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு உறுதியாக இருந்தும் பானை நிற்காது.

ஒரே பயிற்றுநர், இரண்டு குழுக்கள்

இதற்குச் சிறந்த சான்று மயாமி டால்பின்ஸ் குழுவின் பயிற்றுநர் டான் ஷூலா. 1972-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்தம் குழு ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றது. லேரி சோங்கா, மெர்குரி மாரிஸ் ஆகிய இருவரும் தலைக்கு 1,000 கஜம் ஓடினர். புகழ்பெற்ற பெயர்கள் இல்லாமையால் ‘பெயரற்ற தற்காப்பு’ என்று அழைக்கப்பட்ட தற்காப்பணி எதிரணிகளை முடக்கியது. வாஷிங்டனை 14-7 என வென்ற இறுதியாட்டத்தில், எறிபவரான பாப் கிரீசி எறிந்த பந்துகள் 11 மட்டுமே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1984 பருவத்தில், அதே ஷூலாவிடம் டான் மரினோ என்னும் இளைஞர் இருந்தார். அப்பருவத்தில் மரினோ 5,084 கஜம் எறிந்தார். அதுவரை ஒரு பருவத்தில் எவரும் 5,000 கஜத்தைத் தொட்டதில்லை. 1985 ஜனவரியில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அவர் 50 பந்துகளை எறிந்தார். குழு முழுவதும் சேர்ந்து ஓடியது 9 முறை, 25 கஜம். எதிரணியான சான் பிரான்சிஸ்கோவோ 331 கஜம் எறிந்தது. 211 கஜம் ஓடியது. மயாமியின் ஓட்டத்திற்கு அஞ்ச வேண்டாத நிலையில், சான் பிரான்சிஸ்கோவின் தற்காப்பணி எறிதலைத் தடுப்பதிலேயே கருத்தூன்றியது. முடிவு 38-16. மரினோ 1999 பருவம் வரை ஆடினார். மீண்டும் ஓர் இறுதியாட்டத்தைக் காணவே இல்லை.

ஓட்டத்திலும் இதே கதை உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் குழுவின் பேரி சேண்டர்ஸ் பத்துப் பருவங்கள் ஆடினார். பத்திலும் ஆயிரம் கஜத்திற்கு மேல் ஓடினார். 1997-இல் மட்டும் 2,053 கஜம். எனினும், அப்பத்தாண்டுகளில் அவர் குழு வென்ற வெளியேற்றுச் சுற்று ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். மரினோவும் சேண்டர்ஸும் தத்தம் துறையில் தன்னிகரற்றவர்கள். ஆனால், துணைக்கற்கள் சாய்ந்திருந்தபோது ஒற்றைக்கல் என்ன செய்யும்?

தற்காப்பு மட்டும் போதுமா?

“பால்டிமோர் ரேவன்ஸ் தற்காப்பால் மட்டுமே வென்றதே!” என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2000 பருவத்தில் அக்குழு 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. ஆயினும், அப்பருவத்தின் அக்டோபர் மாதத்தை உற்றுநோக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் அதன் தாக்குதலணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அவற்றுள் மூன்றில் குழு தோற்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் எதிரணிகள் பெற்ற புள்ளிகள் 10, 14, 9. தற்காப்பாளர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தும் தோல்வியைத் தடுக்க முடியவில்லை. பின்னர், இளையவரான ஜமால் லூயிஸின் ஓட்டமும், பந்தைப் பறிகொடுக்காமல் ஆட முயன்ற டிரென்ட் டில்பரின் எறிதலும் தேவையான அளவுக்குக் கைகொடுத்தன. அதன் பின்னரே தொடர்ந்து பதினோர் ஆட்டங்களை வென்று குழு வாகை சூடியது.

டென்வர் பிரான்கோஸ் குழுவின் வரலாறு இன்னும் தெளிவானது. 2013 பருவத்தில் பெய்ட்டன் மேனிங் 55 டச்டவுன்களை எறிந்தார். குழு 606 புள்ளிகளைக் குவித்தது. இறுதியாட்டத்தில் சியாட்டலின் தற்காப்பின்முன் 43-8 எனச் சரிந்தது. இரண்டு பருவங்கள் கழித்து மேனிங்கின் கை தளர்ந்துவிட்டது. 2015 வழக்கமான பருவத்தில் 9 டச்டவுன்களே எறிந்தார், 17 முறை பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார். ஆனால், வான் மில்லர் முன்னின்ற தற்காப்பணி கரோலினாவை 24-10 என வீழ்த்தியது. இதையே சான்றாகக் கொண்டு தற்காப்பு போதும் என்போர், அடுத்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேனிங் ஓய்வு பெற்றபின், தற்காப்பு நன்றாகவே இருந்தும், 2016-இல் அக்குழு 9 வெற்றி, 7 தோல்வி என்று வெளியேற்றுச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

சமநிலை என்பது சம பங்கன்று

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பாதி எறிதல், பாதி ஓட்டம் என்று தராசில் நிறுத்துப் பிரிப்பது சமநிலையாகாது. 1972-இன் மயாமி ஓட்டத்தையே பெரிதும் நம்பியது. சான் பிரான்சிஸ்கோவின் பில் வால்ஷ், ஓட்டம் செய்யும் வேலையின் ஒரு பகுதியைக் குறுகிய எறிதல்களாலேயே செய்துகாட்டினார். அளவு குழுவுக்குக் குழு வேறுபடும். ஒரு வழியை எதிரி அடைத்தால் மறு வழியில் செல்லும் ஆற்றல் இருக்கிறதா, மூன்றில் ஒன்றேனும் மற்ற இரண்டையும் கவிழ்க்கும் அளவுக்கு நலிந்திருக்கிறதா என்பவையே சமநிலையை அளக்கும் கேள்விகள்.

2025 பிப்ரவரி 9-ஆம் நாள் நடந்த இறுதியாட்டம் இதற்குப் பாடநூல் போன்றது. பிலடெல்பியா ஈகள்ஸ் குழுவின் சேக்குவான் பார்க்லி அப்பருவத்தில் 2,005 கஜம் ஓடியவர். கன்சாஸ் சிட்டி குழு அவரைத் தடுக்கும் முனைப்புடன் வந்தது, தடுத்தும் காட்டியது. 25 முறை ஓடி அவர் பெற்றது 57 கஜம். சேண்டர்ஸின் டெட்ராய்ட்டாக இருந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால், ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்த 22 பந்துகளில் 17 உரிய கைகளைச் சேர்ந்தன. தற்காப்பணி, பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை எறியவிடாமல் வீழ்த்தியது. முடிவு 40-22. மிகச் சிறந்த ஆட்டக்காரர் முடக்கப்பட்ட நாளிலும் வெல்லக்கூடிய குழுவையே சமநிலை பெற்ற குழு என்பேன்.

நாம் செய்யத்தக்கது

பிள்ளைகள் இவ்விளையாட்டைப் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. உடன் அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எறிதல் அடைபட்டபோது இந்தக் குழு என்ன செய்தது? தற்காப்பாளர்கள் இளைப்பாற நேரம் கிடைத்ததா? எறிபவரைக் காத்து, ஓடுபவருக்கு வழி திறந்தவர்கள் யார்? மூன்றாம் கேள்விக்குரிய விடை, முன்வரிசையில் நிற்கும் ஐவர். பெரும்பாலான ஆட்டங்களில் அவர்கள் பந்தைத் தூக்கி ஓடுவதுமில்லை, பிடிப்பதுமில்லை. காட்சித் துண்டுகளில் அவர்களின் முகமும் தெரிவதில்லை. அவர்கள் தளர்ந்தால் மரினோவின் கையும் சேண்டர்ஸின் காலும் பயன்படா.

எறிபவரை மட்டும் போற்றி வளரும் பிள்ளை, தான் எறிபவனாக இல்லாத நாளில் தன்னை வேண்டாதவனாக எண்ணக்கூடும். முன்வரிசை ஐவரையும் எண்ணக் கற்ற பிள்ளைக்கு, எந்த இடத்தில் நின்றாலும் தன் பணி தெரியும். ஆகவே, அடுத்த முறை பிள்ளை ஒரு நீண்ட எறிதலைக் காட்டி வியக்கும்போது நாமும் வியப்போம். பிறகு அதே காட்சியை மீண்டும் ஓடவிட்டு, பந்தை விடுத்து மற்றவர்களைப் பார்க்கச் சொல்வோம்.