குவாரிக் குழியில் உணவு விளையட்டும், குத்தகை யாருக்கு?

மாங்காடு அருகேயுள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகள் சென்னை மாநகரின் கண்ணில் பட்டது 2017 வறட்சியில்தான். ஏரிகள் வற்றிய அக்கோடையில், கைவிடப்பட்ட குழிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டு மாநகரக் குழாய்களுக்குச் சென்றது. பாழென்று ஒதுக்கப்பட்டது, தேவை வந்ததும் வளமாயிற்று. இத்தகைய குழிகளில் மீன் வளர்க்கலாம், காய்கறி பயிரிடலாம் என்ற யோசனைகளை இந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

குவாரியின் தரை வெறும் பாறை. மேல்மண் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டுவிடுகிறது. ஆகவே உடனடியாகச் சாத்தியமாவது மீன்தான். ஜார்க்கண்டின் ராம்கர் மாவட்டத்தில் கைவிடப்பட்ட நிலக்கரிக் குழிகளில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். காய்கறிக்கோ, நீரை மேலேற்றிப் பாய்ச்சப் பக்கத்தில் நிலம் வேண்டும். கல் உடைத்த சேரி மக்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அளிக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் வசம். அவற்றை மீட்காமல் குவாரி நீரை மட்டும் பாசனத்துக்குத் திறந்தால், பயன் ஏற்கெனவே நிலம் வைத்திருப்போருக்கே போகும். மீன்பாசி குத்தகையும் அப்படித்தான்: பொது ஏலம் என்றால் முன்பணம் கட்ட வல்லவர் எடுப்பார். குவாரி நடத்தியவரே வந்து நின்றாலும் வியப்பில்லை.

சட்டத்தில் பிடி இருக்கிறது. சுரங்கப் பணி முடிந்ததும் குத்தகைதாரரே நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் வளரத்தக்க நிலைக்கு மீட்க வேண்டும் என்பது 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று இட்ட ஆணையின் சாரம். சீரமைப்புச் செலவை மக்கள் திட்டத்தின் தலையில் கட்ட இயலாது. 2015 சட்டத்திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோரின் நலனுக்கானது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், விடுவிக்கப்பட்டோரின் பொருளாதார மறுவாழ்வைக் கண்காணிப்புக் குழுவின் கடமையாக்குகிறது. மறுவாழ்வுத் திட்டமோ விளைநிலம் ஒதுக்குவதையும் மறுவாழ்வாகவே கொள்கிறது. கல்குவாரிகளிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களுக்கு இவை இரண்டும் நேரடியாகப் பொருந்தும்.

அறக்கட்டளைக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் தலைமை ஆட்சியரே. எனவே இரண்டையும் இணைத்து ஒரே மனுவாகத் தரலாம்: முன்னாள் குவாரித் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு, ஏலமின்றி, நீண்டகாலக் குத்தகை, கூண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் அறக்கட்டளை நிதி, சங்க உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அதற்கு முன், குவாரி மூடல் திட்டத்தின் நகலையும் அறக்கட்டளையின் செலவுக் கணக்கையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறவேண்டும். குழியைச் சுற்றி வேலிகூட இல்லாத ஊர்களில், அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் போட்டு, மனுவோடு இணைக்கலாம்.