வயலிலிருந்து வந்த அமைச்சர்

2019 செப்டம்பரில் இத்தாலியின் வேளாண் அமைச்சராகப் பதவியேற்றார் தெரெசா பெல்லனோவா. அன்று அவர் உடுத்தியிருந்த நீல உடையையும் அவரது உடல்வாகையும் சமூக ஊடகங்களில் கேலி செய்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர் வேளாண் துறையை நடத்துவதா என்று ஏளனம் வேறு. அருவருக்கத்தக்க கேலி அது. தென்கோடியில் உள்ள புலியா மாநிலத்தில் பிறந்து, பதின்ம வயதிலேயே வயலில் கூலி வேலைக்குப் போனவர் அவர். கங்காணிகள் ஆள் பிடித்து, வண்டியில் அடைத்துக்கொண்டு போய், கூலியிலும் பங்கு பிடுங்கும் கொடுமையை எதிர்த்துத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தார். 2006இல் நாடாளுமன்றத்துக்கு வந்தார். அந்தத் துறைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

அவர் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. தொழிலாளர் துறை இணையமைச்சராக இருந்தபோது, வேலைநீக்கத்தை எளிதாக்கிய சட்டத்துக்குத் துணை நின்றார். அவரை வளர்த்த சங்கமே அதை எதிர்த்தது. பிறகு முன்னாள் பிரதமர் ரென்சியோடு மைய-இடதுசாரி ஜனநாயகக் கட்சியை விட்டும் விலகினார்.

ஆனால் 2020 மே மாதத்தை மறக்க முடியாது. ஆவணமற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சட்டபூர்வ அனுமதி தரும் ஆணையை அறிவித்தபோது அவர் கண்கலங்கினார். நோக்கம் நேர்மையானது, ஏற்பாட்டில்தான் கோளாறு. பெரும்பாலும் முதலாளியே 500 யூரோ கட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஏமாற்றிப் பிழைக்கும் முதலாளி எதற்காக விண்ணப்பிப்பான்? வந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் விண்ணப்பங்களில் பெரும்பகுதி வீட்டு வேலையாட்களுக்கானவை. வயல்களில் வேலை செய்தவர்களில் மிகச் சிலருக்கே பலன் கிடைத்தது.

அதன் விலையை 2024 ஜூனில் பார்த்தோம். ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதிப் பண்ணையில் இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான இந்தியத் தொழிலாளி ஒருவரை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அவர் இறந்தார். அவரிடம் ஆவணம் இல்லை.

கங்காணியோடு முதலாளியையும் தண்டிக்கும் சட்டம் இத்தாலியில் 2016 முதல் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று அஞ்சுபவர் எப்படிக் காவல் நிலையப் படியேறுவார்? பெல்லனோவா தொடங்கியதை இன்றைய ரோம் அரசு முடிக்க வேண்டும். முதலாளியின் தயவில்லாமல், உழைப்பவர் தம் பெயரிலேயே விண்ணப்பித்து அனுமதி பெற வழி செய்ய வேண்டும். அடுத்த அறுவடைக்கு முன் அது நடக்கட்டும்.