கடன்சொல் ஆய்வு: பட்டியலுக்கு அப்பால்

திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்திற்கும் இடையே அமைந்த ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர்ப்பெயரில் தெலுங்கு வழிவந்த 'ரெட்டி', தமிழின் 'ஆர்' விகுதி, வடமொழி மூலமுடைய 'சத்திரம்' ஆகிய மூன்றும் இயைந்துள்ளன. வட்டார வழக்காய்வேடுகளின் 'பிறமொழிச் சொற்கள்' இயல்கள் பெரும்பாலும் இத்தகைய பகுப்போடு அமைந்து, 'மொழிக்கலப்பு' என்னும் முடிபுடன் நிறைவுறுகின்றன. மூலமொழியைக் காட்டுதல் ஆய்வின் தொடக்கமே. வந்த சொல்லைத் தமிழ் எவ்வாறு ஆண்டது என்பதே ஆய்வுப்பொருளாதல் வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மூன்று பயிர்களை நோக்குவோம். இம்மாவட்டத்து ஆயக்குடியில் மிகுதியாக விளையும் கொய்யா, பழத்தோடு போர்ச்சுகீசியப் பெயரையும் கொணர்ந்தது. மிளகாய்க்கோ, கார்ப்பின் ஒப்புமையால், மிளகிலிருந்தே பெயர் அமைந்தது. தக்காளிக்கு முன்பே இங்கு வழங்கிய செடிப்பெயர் விரிந்தது. மணத்தக்காளி என்பதில் அதன் சுவடு உண்டு. இவ்வாறு பொருள் விரிதல் பிறமொழிகளிலும் காணப்படுவதே. நைசீரியாவின் இக்போ மொழியில் இலையைக் குறிக்கும் 'அக்வுக்வோ' என்னும் சொல்லே நூலையும் குறிக்கும். நம் 'ஏடு' இதனோடு ஒப்பிடத்தக்கது. மூலமொழிப் பட்டியலில் கொய்யா மட்டுமே இடம்பெறும். ஏனைய இரண்டும் காட்டும் சொல்லாக்க நெறிகள் விடுபடும்.

சந்தை வழக்கான 'ஏலம்' போர்ச்சுகீசியச் சொல் எனத் தமிழ்ப் பேரகராதி காட்டும். எனினும் ஏலம் விடுதல், ஏலம் எடுத்தல், ஏலம் போதல் எனத் தமிழ் வினைகளோடு கூடி அது முழுமையாக வேரூன்றியுள்ளது. வடசொல் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருதலை வரையறுத்த தொல்காப்பியர், சொல்லின் வரவை மட்டுமன்றி அது அமையும் முறையையும் கருதினார் என்பது நினையத்தக்கது.

இக்கருத்து 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சிக்கு மாறானதன்று. ஜில்லாவை மாவட்டம் பெயர்த்தது. ஆனால் 'வருவாய்த் தீர்வாயம்' ஆவணத்தில் நிற்க, உழவர் நாவில் ஜமாபந்தியே நிலைக்கிறது. ஒன்று வென்றதற்கும் மற்றொன்று வெல்லாமைக்கும் உரிய காரணத்தைப் பட்டியல் கூறாது. பயன்பாட்டு ஆய்வே கூறும். கலைச்சொல்லாக்கத்திற்கு வேண்டுவதும் அவ்வறிவே.

எனவே, களச்சொல் தொகுப்போர் ஒவ்வொரு கடன்சொல்லோடும் அது வழங்கும் தொழில், உடன்வரும் வினை, அதனோடு போட்டியிடும் தமிழ்ச்சொல், பேசுவோரின் தலைமுறை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். முதியோரிடமிருந்து இவற்றைப் பெறுவதற்குரிய காலம் குறுகிவருகிறது.