ஓடியைக் கொடுக்க மறுத்த முதியவர்

ஜார்ஜ் மில்லிகன் மனைவியை இழந்து தனியாக வாழும் முதியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பழைய நினைவுகள் அவருக்குத் துண்டுதுண்டாகத்தான் வருகின்றன. மேரியோடு எந்த ஊருக்குப் போனோம், அன்று அவள் என்ன சொன்னாள் என்றெல்லாம் ஓடியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஓடி பொறுமையாகச் சொல்கிறான். இளைஞன் போன்ற தோற்றம் கொண்ட ரோபோ அவன். மேரி உயிரோடு இருந்த காலத்திலேயே அந்த வீட்டுக்கு வந்தவன், ஆனால் இப்போது காலாவதியான மாடல். கை நடுங்குகிறது, பேச்சு பாதியில் நின்றுபோகிறது. மளிகை வாங்கப் போன சூப்பர்மார்க்கெட்டில் ஒருநாள் தடுமாறிக் கலவரத்தையே உண்டாக்கிவிடுகிறான். அவனை எடுத்துக்கொண்டு புதிய மாடல் ஒன்றைத் தர அரசு சுகாதாரத் துறை முன்வருகிறது. முதியவர் மறுக்கிறார். ஓடியை ஒளித்துவைக்கிறார்.

பிரிட்டனின் சேனல் 4, அமெரிக்காவின் ஏ.எம்.சி. ஆகிய அலைவரிசைகளில் 2015 ஜூனில் தொடங்கிய ‘ஹியூமன்ஸ்’ தொடரின் ஒரு கிளைக்கதை இது. மில்லிகனாக நடித்தவர் மறைந்த வில்லியம் ஹர்ட். லார்ஸ் லுண்ட்ஸ்ட்ராம் உருவாக்கி, 2012-ல் ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சியில் வெளியான ஒரு தொடரைத் தழுவி, சாம் வின்சென்ட்டும் ஜோனதன் பிராக்லியும் இதை எழுதினார்கள். 2018 வரை மூன்று பருவங்களில் 24 அத்தியாயங்கள் வந்தன. விண்கலமோ பறக்கும் காரோ கிடையாது. இன்றைய லண்டன், இன்றைய சமையலறை, இன்றைய கடன் தவணை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வீடு ‘சிந்த்’ எனப்படும் மனித உருவ இயந்திரம் இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். தொடர் வருவதற்கு முன்பே லண்டன் ரீஜென்ட் தெருவில் சிந்த் விற்கும் கடை போல ஒரு முகப்பை அமைத்து விளம்பரம் செய்தார்கள். உண்மையிலேயே விற்பனைக்கு வந்துவிட்டதோ என்று பலர் திகைத்தார்கள்.

இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இயந்திரத்துக்கு உணர்வு வந்துவிட்டால் என்ன செய்வது? தொடரும் அந்தக் கேள்வியை நோக்கித்தான் ஓடுகிறது. டேவிட் எல்ஸ்டர் என்ற விஞ்ஞானி உணர்வுள்ள சில சிந்த்களை ரகசியமாக உருவாக்கிவிட்டார். அவர்கள் தப்பி ஓடுகிறார்கள், வேட்டையாடப்படுகிறார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் இந்தத் தொடரின் உச்சம் அந்த ஓட்டத்தில் இல்லை, உணர்வே இல்லாத ஓடியிடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இன்று நம் வீடுகளின் வாசலுக்கு வந்து நிற்கும் இயந்திரங்களைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதும் ஓடியின் கதையில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்ல, கதையின் மையமான ஹாக்கின்ஸ் குடும்பத்துக்குள் போக வேண்டும். மனைவி லாரா வேலை நிமித்தம் வெளியூர் போயிருக்கும்போது, வீட்டு வேலையைச் சமாளிக்க முடியாத ஜோ கடைக்குப் போய் ஒரு சிந்த்தை வாங்கி வருகிறார். அனிட்டா என்று பெயர் வைக்கிறார்கள். ஜெம்மா சான் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கும் விதம் அபூர்வமானது. தேவைக்கு மேல் ஒரு அசைவு கூட இல்லை. இதற்காகவே நடிகர்களுக்கு ஓர் அசைவுப் பயிற்றுநரை வைத்து வகுப்பு நடத்தினார்கள். அனிட்டா வந்ததும் வீடு பளிச்சென்று ஆகிறது, காலை உணவு மேசைக்கு வருகிறது. கடைக்குட்டி சோஃபி, கதை வாசிக்க அம்மா வேண்டாம், அனிட்டா போதும் என்கிறாள். அம்மா அவசர அவசரமாக வாசிப்பாள், அனிட்டாவுக்கு அவசரமே இல்லை என்பது குழந்தை சொல்லும் காரணம். மூத்தவள் மேட்டிக்குப் படிப்பில் ஆர்வம் போய்விடுகிறது. ஏழு ஆண்டுகள் படித்து மருத்துவராகி என்ன பயன், அதற்குள் எந்த சிந்த்தும் நொடியில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிடுமே என்று கேட்கிறாள். பெற்றோரிடம் பதில் இல்லை.

லாராவுக்கு அனிட்டாவைக் கண்டாலே சங்கடம். இது வெறும் இயந்திரம்போல இல்லையே, என்னை உற்றுப் பார்க்கிறதே என்று சந்தேகப்படுகிறாள். சில அத்தியாயங்களில் அந்தச் சந்தேகம் சரி என்று தெரிகிறது. அனிட்டாவுக்குள் மியா என்ற உணர்வுள்ள சிந்த் புதைந்து கிடக்கிறாள். ஜோ ஓர் இரவு அனிட்டாவின் ‘வயதுவந்தோர்’ அமைப்பை இயக்கிவிடுகிறார். உள்ளே மியா இருந்தாள் என்று தெரியவந்ததும் அந்தச் செயலின் கொடூரம் பல மடங்காகிறது. கதைக்கு இது வசதி. பார்வையாளருக்கும் வசதி, யார் மேல் இரக்கப்பட வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது.

மியா உள்ளே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அனிட்டா வெறும் அனிட்டாதான். அப்போதும் லாராவின் இடம் அந்த வீட்டில் பறிபோயிருக்கும். அம்மாவின் அவசரம் குறை என்று சோஃபி கற்றுக்கொண்டிருப்பாள். ஜோ தன் மனைவிக்குச் செய்த துரோகமும் துரோகமாகவே இருந்திருக்கும். மறுப்புச் சொல்லத் தெரியாத ஒன்றிடம் இரவும் பகலும் வேலை வாங்கிப் பழகிய குடும்பம், மறுப்புச் சொல்லத் தெரிந்த மனிதர்களோடு எப்படிப் பழகும்? அனிட்டா மட்டும் இருந்திருந்தால் தொடர் இந்தக் கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டியிருக்கும். மியா வந்து அதிலிருந்து எழுத்தாளர்களைக் காப்பாற்றிவிட்டாள். இது எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் முதல் மூன்று நான்கு அத்தியாயங்களில் அவர்கள் அதன் மிக அருகில் வந்திருந்தார்கள்.

அடுத்த பருவங்கள் உரிமைப் போராட்டக் கதையாக விரிகின்றன. தன்னிடம் வந்தவனைக் கொன்றுவிட்டுப் பாலியல் விடுதியிலிருந்து தப்பிய, உணர்வுள்ள சிந்த்தான நிஸ்கா, மனிதரைப் போலத் தன்னையும் விசாரிக்க வேண்டும் என்று சரணடைகிறாள். இரண்டாம் பருவத்தின் முடிவில் உலகின் சிந்த்கள் எல்லாமே விழித்தெழுந்துவிட, அதில் லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் விபத்துகளில் இறந்துபோக, வெறுப்பு மூள்கிறது. மூன்றாம் பருவத்தில், சிந்த்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஆணையத்தில் லாரா அமர்கிறாள். இறுதியில் வெறிகொண்ட கூட்டத்தின் கையில் மியா மடிகிறாள். அகதிகள், இனவெறி, குடியுரிமை என்று அன்றைய பிரிட்டனின் காயங்களெல்லாம் அதில் தெரிந்தன. நல்ல நாடகம்தான். ஆனாலும் அங்கே சிந்த் என்பது ஒடுக்கப்பட்ட மனிதருக்கு மாற்றுப் பெயர். இயந்திரம் என்ற புதிய சிக்கல் மெல்ல மறைந்துவிட்டது.

வெளியுலகமும் அப்போது அதே பாதையில் போனது. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு தீர்மானம், மேம்பட்ட ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற சட்டத் தகுதி தரலாமா என்று பரிசீலிக்கச் சொன்னது. வல்லுநர்கள் பலர் எதிர்த்தார்கள், தயாரித்த நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது வழிவிடும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அதே ஆண்டு அக்டோபரில் சவூதி அரேபியா ‘சோஃபியா’ என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தது. அந்த நாட்டில் பல்லாண்டுகள் உழைத்த வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களுக்குக் கிடைக்காதது அது.

ஓடியிடம் திரும்புவோம். மில்லிகன் சாதாரண முதியவர் இல்லை, எல்ஸ்டரோடு சேர்ந்து சிந்த்களை வடிவமைத்தவர்களில் ஒருவர். ஓடிக்குள் யாரும் இல்லை என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. தெரிந்தும் அவனைப் பிள்ளை போல நேசிக்கிறார். இது அறியாமையோ தனிமையின் மயக்கமோ இல்லை. மேரியின் சிரிப்பும் அவள் சொன்ன சொற்களும் இந்த உலகில் ஓடியிடம் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஓடிக்கு மேரி மேல் அன்பு கிடையாது. ஆனால் அவன் அழிந்தால் மேரி இன்னொரு முறை இறந்துபோவாள்.

அவனுக்குப் பதிலாக வரும் வேரா குறையே இல்லாத புதிய மாடல். ரத்த அழுத்தம் பார்க்கிறாள். என்ன சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று அவளே முடிவுசெய்கிறாள். மருத்துவக் கணக்கில் மில்லிகனுக்கு இதைவிட நல்ல பராமரிப்பு கிடைக்காது. ஆனால் சொந்த வீட்டிலேயே அவர் கைதியாகிவிடுகிறார். நிர்வாகத்தின் பார்வையில் ஓடியும் வேராவும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள், ஒன்று பழசு, ஒன்று புதுசு. அந்தப் பார்வை எவ்வளவு குருடானது என்பதைக் காட்ட எழுத்தாளர்களுக்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை, வில்லியம் ஹர்ட்டின் முகமே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பருவத்தில் மேட்டி ஓடிக்கு உணர்வு கொடுத்துப் பார்க்கிறாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. எதற்காக இருக்கிறோம் என்று தெரியாமல் தவித்து, கடையிலிருந்து வந்த நாளின் தொடக்க நிலைக்கே தன்னைத் திருப்பிக்கொள்கிறான். உணர்வு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தங்கள் கதையின் நம்பிக்கையை எழுத்தாளர்களே கேள்வி கேட்ட இடம் இது ஒன்றுதான்.

ஓடியின் கதை கற்பனைதான் என்று ஒதுக்க முடியாது. தொடர் வெளியாவதற்கு முன்பே அது ஜப்பானில் நடந்துகொண்டிருந்தது. சோனி நிறுவனம் 1999-ல் ‘ஐபோ’ என்ற ரோபோ நாயை விற்கத் தொடங்கியது. விலை இரண்டரை லட்சம் யென், ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் இருபது நிமிடத்தில் விற்றுத்தீர்ந்தன. 2006-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2014-ல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். வாங்கியவர்களில் பலர் அதற்குள் முதியவர்களாகியிருந்தார்கள். சோனியின் முன்னாள் பொறியாளர்கள் சிலர் தனி நிறுவனம் தொடங்கிப் பழுதுபார்க்க முன்வந்தார்கள். உதிரிபாகம் கிடைக்காததால், இயங்காமல்போன நாய்களின் பாகங்களை எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்தினார்கள். அப்படிப் பிரிப்பதற்கு முன்னால் அந்த நாய்களுக்கு இறுதிச் சடங்கு செய்ய வேண்டும் என்று உரிமையாளர்கள் விரும்பினார்கள். சிபா மாகாணத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015 முதல் அந்தச் சடங்குகள் நடந்தன. வரிசையாக வைக்கப்பட்ட நாய்களின் முன் பிக்குகள் மந்திரம் ஓதும் படங்கள் உலகெங்கும் வெளியாகின. நாய்க்கு உயிர் உண்டு என்று அந்த முதியவர்கள் நம்பினார்களா என்பது இங்கே முக்கியமே இல்லை. அவர்கள் இழந்தது உண்மை. அதற்குக் காரணம் ஒரு நிறுவனம் எடுத்த கணக்கு வழக்கு முடிவு.

அமெரிக்காவில் இது குழந்தைகளுக்கு நேர்ந்தது. கலிஃபோர்னியாவின் எம்பாடிட் நிறுவனம், ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தோழன் என்று சொல்லி ‘மாக்ஸி’ ரோபோவை ஏறத்தாழ 800 டாலருக்கு விற்றது. பழகத் தயங்கும் பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதனோடு பேசிப் பழகினார்கள். 2024 டிசம்பரில், எதிர்பார்த்த முதலீடு கிடைக்காததால் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். மாக்ஸியின் பேச்செல்லாம் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவது. சர்வர் நின்றால் அதுவும் ஊமை. பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, வீட்டுக் கணினியிலிருந்தே அதை இயக்கிக்கொள்ளும் மென்பொருளை வெளியிட்டார்கள். அப்படிச் செய்ய முடியும் என்பது அதிலேயே நிரூபணமாகிவிட்டது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டனின் முதியோர் பராமரிப்பு வெளிநாட்டுப் பணியாளர்களின் தோளில்தான் நிற்கிறது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணிக்கு விசா கதவைத் திறந்த அரசு, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதே 2025 அக்டோபரில் ‘1எக்ஸ்’ என்ற நிறுவனம் 20,000 டாலர் விலையில் ‘நியோ’ என்ற மனித உருவ வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. அதற்குத் தெரியாத வேலையை, வாங்கியவரின் ஒப்புதலோடு, தொலைவில் அமர்ந்திருக்கும் ஊழியர் அதன் கண்வழியே பார்த்து அதன் கையால் செய்துகொடுப்பார். அனிட்டாவுக்குள் மியா இருந்ததுபோல், இங்கே இயந்திரத்துக்குள் உண்மையிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு தொழிலாளி. ஓர் ஏழை நாட்டவரின் உழைப்பு மட்டும் வீட்டுக்குள் வரட்டும், அவர் வெளியிலேயே நிற்கட்டும் என்ற ஏற்பாடாக இது நாளை மாறினால், அதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஆகவே, இயந்திரத்துக்கு உரிமை உண்டா என்று வாதாடுவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். அதோடு வாழும் மனிதருக்கு என்ன உரிமை என்பது அவசரமான கேள்வி. பிரிட்டனில் 2021 ஜூலை முதல், வாஷிங் மெஷின் தயாரிக்கும் நிறுவனம் அந்த மாடலை நிறுத்திய பிறகும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும் என்பது விதி. துணி துவைக்கும் கருவிக்கு இருக்கும் இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பு, குழந்தைக்குத் தோழன் என்றும் முதியவருக்குத் துணை என்றும் விற்கப்படும் கருவிக்கு இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். கடை மூடினால் மென்பொருளை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் குரல்களும் நினைவுகளும் நிறுவனத்தின் சொத்தாக ஆகக் கூடாது. உள்ளே இருந்து இயக்குவது மனிதர் என்றால் அவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், என்ன கூலி வாங்குகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் பெருமளவில் விற்பனைக்கு வரும் முன்பே இவை சட்டமாக வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்குப் பேச்சுத் துணையாக ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், இந்த நிறுவனம் மூடப்பட்டால் இதற்கு என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால் வாங்காதீர்கள்.