எறியும் முன் திருப்பிப் பாருங்கள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இருசக்கர வண்டியின் உடைந்த மேலுறையைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வினவுவோர் இருக்கக்கூடும். இலக்கியம் பயிலும் கையில் உப்புத்தாளைக் கொடுப்பது முறையாகுமா என்றும் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே: ஏதேனும் ஒரு கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பக்கமூடி பிளந்தவை, முன்விளக்கைச் சுற்றிய வைசர் கீறியவை, மட்கார்டைக் கம்பியால் இழுத்துக் கட்டியவை எனப் பல வண்டிகள் அங்கே நிற்கும். அவற்றின் உரிமையாளர்களாகிய மாணவர்கள் இரண்டு வழிகளையே அறிவர். ஒன்று, உடைந்ததை உடைந்தபடியே விட்டுவிடுவது. மற்றொன்று, பெற்றோரிடம் பணம் பெற்று முழு உறுப்பையும் மாற்றிவிடுவது. வீட்டு முற்றத்திலேயே கைகூடக்கூடிய மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே நிற்பது பணமும் அன்று, கருவியும் அன்று. உடைந்த பொருளின் பெயரை அறியாமையே ஆகும் என்பது என் கருத்து.

ஒரு தலைமுறைக்கு முன்பு நம் தெருக்களில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் தகர உடல் கொண்டவை. ஸ்கூட்டர் சுவரில் மோதி நசுங்கினால் டிங்கரிங் பட்டறைக்குப் போகும். அங்கே தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் அடித்து அனுப்புவார்கள். பொருளை எறிய வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழுந்ததில்லை. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறு வண்டியில் கால்மறைப்பையும் முன் மட்கார்டையும் பிளாஸ்டிக்கால் அமைத்தது. எடை குறைவு, துரு இல்லை, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம் என்னும் நன்மைகளால் பிளாஸ்டிக் உலகெங்கும் பரவி, நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பொருள் வந்ததே தவிர, அதைச் செப்பனிடும் அறிவு உடன் வரவில்லை. தகரத்தைத் தட்டத் தெரிந்த கைகள் பிளாஸ்டிக்கைக் கண்டு, 'மாற்றிவிடுங்கள்' என்று கூறத் தொடங்கின.

இங்குதான் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. பட்டறைகளில் பிளாஸ்டிக் உறுப்புகள் அனைத்தையும் 'பைபர்' என்றே அழைக்கின்றனர். பைபர் என்பது உண்மையில் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்யப்படுவது. அது ஒருமுறை இறுகிவிட்டால் பின்னர் உருகாது. வெளிக்கடைகளில் விற்கும் சில அலங்கார மேலுறைகள் அவ்வகையின. ஆனால் வண்டியோடு வரும் உறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை சூட்டில் இளகிக் குளிர்ந்தால் இறுகும் பிளாஸ்டிக்குகள். இவற்றிலும் இரண்டு இனங்கள் முதன்மையானவை: ஏபிஎஸ், பாலிபுரோப்பிலீன். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் மூன்றுக்கும் ஒரே பசையைத் தடவுகிறோம். பசை பிடிக்காதபோது பொருளின் மீது பழி போட்டுக் குப்பையில் எறிகிறோம்.

பெயரை அறிவது கடினமன்று. உறுப்பைக் கழற்றித் திருப்பினால், பின்புறத்தில் இரு கோண அடைப்புகளுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். ஏ, பி, எஸ் என்னும் எழுத்துகள் இருப்பின் அது ஏபிஎஸ். பி, பி என இரண்டே எழுத்துகள் இருப்பின் பாலிபுரோப்பிலீன். எழுத்து தேய்ந்திருந்தால், வண்ணம் படாத உள்விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவி ஒரு குவளை நீரில் இடுங்கள். பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி நீரினும் குறைந்து ஏறத்தாழ 0.9 ஆதலின் அது மிதக்கும்; ஏபிஎஸ்ஸின் அடர்த்தி ஏறத்தாழ 1.05 ஆதலின் அது மூழ்கும். தூள் கலந்து வார்த்த பாலிபுரோப்பிலீனும் சில நேரம் மூழ்கிவிடும் என்பதால், அசிட்டோன் ஒரு துளியையும் உள்விளிம்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏபிஎஸ் உடனே இளகிப் பிசுபிசுக்கும்; பாலிபுரோப்பிலீன் அசைந்து கொடுக்காது.

இவ்வேறுபாட்டிலேயே செப்பனிடும் முறையும் அடங்கியிருக்கிறது. விரிசல் எவ்வினத்தில் விழுந்திருப்பினும், அது முடியும் முனையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிட வேண்டும். விசை முழுவதும் விரிசலின் கூர்முனையில் குவிவதாலேயே அது மேலும் நீளுகிறது. வட்டத் துளை அவ்விசையைப் பரப்பிவிடும். பின்பு, ஏபிஎஸ் எனின், அதே உறுப்பின் உடைந்த துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனோடு சேர்த்து இரவு முழுதும் ஊறவிட்டால் இட்லி மாவுப் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். முன்புறம் ஒட்டுநாடா ஒட்டி விரிசலைச் சேர்த்துப் பிடித்து, பின்புறம் சிறு பள்ளம் கீறி, இக்குழம்பை மெல்லிய படலங்களாக இட வேண்டும். அசிட்டோன் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது பசையன்று, அதே பிளாஸ்டிக்கே; ஒட்டிய இடம் உறுப்போடு ஒன்றாகிவிடுகிறது. ஆனால் பொறுமை வேண்டும். மேலே காய்ந்ததாகத் தோன்றினும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஒரு நாள், தடித்த படலமாயின் இரண்டு நாள் கழித்தே தேய்க்கலாம்; அவசரப்பட்டால் இட்ட இடம் பின்னர் குழிந்து காட்டும்.

பாலிபுரோப்பிலீனுக்கு இக்குழம்பு பயன்படாது. கடையில் விற்கும் உடனடிப் பசையும் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீர்தான். அதைச் சூட்டினால் மட்டுமே இணைக்க முடியும். பற்றாசுக் கோலால், அதாவது கடைவழக்கில் சால்டரிங் அயர்னால், விரிசலின் பின்புறத்தை இளக்கி, அதே இனத் துணுக்கைச் சேர்த்து உருக்க வேண்டும். பழைய தேநீர் வடிகட்டியின் எஃகு வலையில் ஒரு பட்டையை வெட்டி உள்ளே பதித்துவிட்டால் இணைப்பு வலுப்பெறும். இம்முறை ஏபிஎஸ்ஸுக்கும் ஏற்றதே. எனினும் அப்போது எழும் புகை தீயது என்பதால் திறந்த வெளியில் செய்தல் வேண்டும்.

இனி வண்ணம். வண்ணம் அழகுக்கு மட்டும் என்று கருதி, ஒட்டியபின் அப்படியே விட்டுவிடுவோர் உண்டு. ஏபிஎஸ்ஸுக்கு உறுதி தருவது அதில் கலந்துள்ள ரப்பர்க் கூறு. வெயிலின் புறஊதாக் கதிர் அந்த ரப்பரைச் சிதைத்து, உறுப்பை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். ஆதலின் வண்ணம் அதற்கு அணி அன்று, ஆடை. சோப்பு நீரில் கழுவி, நீர் தோய்த்த 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1000 எனத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்குரிய பிரைமர் அடித்து, அதன்மேல் வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். பிரைமரைத் தவிர்த்தால் பாலிபுரோப்பிலீனில் வண்ணம் தோல் உரிவது போல் உரிந்து வரும். ஏபிஎஸ்ஸிலோ காரமான தின்னர் நேரே பட்டு நுண்கீறல்கள் எழும். தகரத்துக்குரிய கெட்டியான பட்டியையும் இங்கே பயன்படுத்தலாகாது. வளையும் உறுப்பின் மேல் அது வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இவ்வேலையை எடுக்காதிருப்பதே அறிவுடைமை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வண்ணம் பால்போல் வெளுத்துவிடும். உலோக மினுமினுப்புள்ள வண்ணமாயின் ஒட்டிய இடத்தில் மட்டும் திட்டாக அடிக்காமல், அவ்வுறுப்பு முழுவதும் விளிம்பிலிருந்து விளிம்புவரை அடிப்பது மேல். அப்படியும் தொழிற்சாலை மெருகு வராது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான்கடி தொலைவிலிருந்து பார்த்தால் குறை தெரியாது, அது போதும்.

மெருகு குறித்து எனக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் மூச்சைப் பற்றியது. பி.யூ. வண்ணம் என வழங்கும் இருகலவை வண்ணங்கள் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தருவன. அவற்றோடு கலக்கும் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மீத்தைல் ஐசோசயனேட்டும் இதுவும் ஒன்றல்ல. எனினும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் அதன்பின் மிகச் சிறு அளவும் மூச்சை முட்டச் செய்யும். முகத்தில் கட்டிய கைக்குட்டை இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் முகமூடியே உரிய காப்பு. அத்தகைய முகமூடி எந்த வீட்டில் உள்ளது? எத்தனை பட்டறைகளில் உள்ளது? நம் மாணவர்களின் வயதே உடைய இளைஞர்கள் வெறும் கைக்குட்டையோடு நாள் முழுதும் இதை அடித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே நாம் கடந்து செல்கிறோம். வீட்டில் இருகலவை வண்ணத்தைத் தொடவே வேண்டாம். ஒருகலவை ஸ்பிரே டின் போதுமானது. அதுவும் திறந்த வெளியில், ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடியோடு. அசிட்டோனின் ஆவி காற்றினும் கனமானது, தரையோடு தவழ்ந்து செல்வது, நொடியில் தீப்பற்றுவது. அடுப்பு எரியும் வீட்டினுள் அதன் குப்பியைத் திறத்தல் கூடாது.

செப்பனிடத் தகாத பொருளும் ஒன்று உண்டு, அது தலைக்கவசம். அதில் கீறல் விழுந்தால் ஒட்டுவதும், பழையதாயிற்றென்று வண்ணம் அடிப்பதும் பெருந்தவறு. தின்னர் அதன் ஓட்டை வெளித் தெரியாமல் நலிவுறச் செய்யும்; அடிபடும் நாளில்தான் உண்மை தெரியவரும். மேலும், வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருப்பதால், வேறு நிறம் பூச விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று.

மாணவர்களே இவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டால் பட்டறைத் தொழிலாளியின் பிழைப்பு என்னாகும் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அக்கறையுள்ள கேள்விதான். ஆனால் இன்று உடைந்த பக்கமூடி பட்டறைக்குப் போவதில்லை. உதிரிப்பாகக் கடைக்குப் போகிறது. ஒட்டலாம் என்ற எண்ணம் மக்களிடையே மீண்டும் பரவினால், தம்மால் இயலாததை ஒப்படைக்க அவர்கள் நாடுவது பட்டறையையே. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உறுப்புகளைப் பிரித்து விற்கும் கடைகளைப் பாருங்கள். பிறர் வேண்டாமென ஒதுக்கிய பொருளை நம்பியே அங்கு ஒரு வாணிகம் நடைபெறுகிறது.

மற்றொரு மறுப்பு, கல்வி கற்றவன் கையை அழுக்காக்கிக்கொள்வதா என்பது. இதை நேரடியாக எவரும் சொல்வதில்லை; ஆனால் மகன் முற்றத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தால், 'படிக்கிற வேலையைப் பார்' என்று வீட்டிலிருந்து எழும் குரலில் அது ஒலிக்கிறது. அவ்வீட்டில்தான் அடுத்த வாரம் புதிய உறுப்புக்குப் பணமும் கேட்கப்படுகிறது.

எனவே, வேதியியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் இணைந்து விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில் இதைச் செய்து காட்டலாம் என்று பரிந்துரைக்கிறேன். அசிட்டோனைக் கையாளும் முறையை அவர்கள் கற்பிக்கட்டும். நம் மாணவர்கள் அருகிலுள்ள பட்டறைகளுக்குச் சென்று, அங்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து, பொருள் விளக்கத்தோடு எழுதி வரட்டும். உப்புத்தாள், பட்டி பார்த்தல் போன்ற சொற்கள் எந்தக் குழுவும் கூடி ஆக்காதவை; தொழில் செய்த வாயில் பிறந்தவை. 'டூக்கோ' என்று வண்ணத்துக்குப் பட்டறையினர் வழங்கும் பெயர், 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கார்களுக்கென விற்ற வண்ணத்தின் வணிகப் பெயர் என்பதை அறியும்போது மாணவர்க்கு ஆர்வம் பிறக்கும். தொகுப்பின் முதற் சொல்லாக 'பைபர்' இருக்கட்டும். அதன் எதிரே ஒன்றல்ல, மூன்று பொருள்கள் எழுதப்படட்டும்.