ஊர் கூடி அமைக்கும் நகர்

தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நிற்போர் மிகச் சிலர். ஆயிரவர் இழுத்தாலன்றித் தேர் நிலையைவிட்டு அசையாது. அச்சிலர் உரிய இடத்தில் கட்டையை இட்டாலன்றித் தேர் தெருமுனையில் திரும்பாது. அருகிலுள்ள வீட்டின் திண்ணைமேல் ஏறிவிடும். இழுக்கும் வலிமையும் திருப்பும் திறமும் ஒன்றுகூடினால்தான் தேர் நிலை வந்து சேரும். பெருநகரை அமைக்கும் பணியும் இத்தகையதே. அதற்குப் பயிற்சி பெற்ற வல்லுநர் சிலர் வேண்டும். பொறுப்புணர்ந்த மக்கள் பலர் வேண்டும். இவ்விரு திறத்தாருள் ஒரு திறத்தார் ஒதுங்கினும் நகர் நெறி பிறழும்.

சென்னை மாநகரே இதற்குத் தக்க சான்றாகும். சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. 2022ஆம் ஆண்டில் அதன் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. கொசத்தலையாறு, கூவம், அடையாறு என்னும் மூன்று ஆறுகள் இந்நிலத்தின் ஊடே சென்று கடலில் கலக்கின்றன. ஏரிகளும் கால்வாய்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் மழைநீரைத் தாங்கி நிற்கின்றன. நிலமோ பெரிதும் தட்டையானது. கடல்மட்டத்தினின்று சிறிதே உயர்ந்தது. இத்தகைய இடத்தில் வீடு கட்டத் தகுந்த நிலம் எது, தகாத நிலம் எது, நீர் எவ்வழியே செல்லவேண்டும், சாலை எவ்வளவு அகலம் வேண்டும், பள்ளியும் மருத்துவமனையும் எங்கே அமையவேண்டும் என்பவற்றை முன்னரே ஆராய்ந்து வகுத்தல் இன்றியமையாதது. இதனையே நகரமைப்பு என்பர்.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை பெய்து சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அந்நாட்களில் மக்கள் ஆற்றிய தொண்டு என்றும் போற்றத்தக்கது. மீனவர் தம் படகுகளைக் கொண்டுவந்து, தெருக்களில் சிக்கித் தவித்தோரைக் கரையேற்றினர். இளைஞர் உணவு சமைத்து வீடுதோறும் வழங்கினர். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் வேற்றுமை பாராது கதவைத் திறந்து வைத்தன. யார் எவர் என்று கேளாமலே ஒருவர் மற்றவர்க்குக் கைகொடுத்தனர்.

இத்தொண்டு பெரிது, ஐயமில்லை. எனினும், இதனினும் பெரியதொரு தொண்டு உண்டு. வெள்ளம் வடிவதற்கு உரிய நிலத்தை வெள்ளம் வருமுன்னரே காத்துக்கொடுப்பது அத்தொண்டு. முன்னதற்கு ஈர நெஞ்சம் போதும். பின்னதற்கு ஈர நெஞ்சத்தோடு அறிவும் பொறுமையும் வேண்டும். படகில் ஏற்றப்பட்டவர் நன்றி கூறுவர். படகே வேண்டாதபடி காக்கப்பட்டவர் தம்மைக் காத்தவர் யார் என்றும் அறியார். பாராட்டுக் கிட்டாத காரணத்தினாலேயே இரண்டாம் தொண்டில் ஈடுபடுவோர் தொகை குறைவாக உள்ளது.

இவ்வுண்மையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்தியாவில் எடுத்துரைத்தவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர். 1854இல் பிறந்த அவர் உயிரியல் பயின்றவர். செடிகொடிகளின் வாழ்வை ஆராய்ந்த கண்கொண்டே நகரங்களையும் ஆராய்ந்தார். திருமணமான புதிதில், எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு குடியிருப்பில் தம் மனைவியாருடன் குடியேறினார். அங்கிருந்தோருடன் சேர்ந்து தம் கைகளாலேயே சுண்ணாம்பு அடித்தார், குப்பையை அகற்றினார், பூச்செடிகள் வளர்த்தார். பிறர்க்கு அறிவுரை கூறுமுன் தாமே துடைப்பம் ஏந்தியவர் அவர்.

உலக நகரங்களின் படங்களையும் வரைபடங்களையும் திரட்டி, பொதுமக்களுக்கென நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை அவர் நடத்தி வந்தார். 1914இல் அப்போதைய சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு அவரை இங்கு வரவழைத்தார். கண்காட்சிப் பொருள்கள் 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலில் தனியே அனுப்பப்பட்டன. அவை கரை சேரவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு வீசிய 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், அக்டோபர்த் திங்களில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் கடலுக்குள் சென்றது. கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்களைத் தொகுத்து அனுப்ப, 1915இல் அக்கண்காட்சி சென்னையில் நடைபெற்றது. நகரமைப்பு அலுவலகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் கலையாக இருத்தல் கூடாது. தெருவில் நடப்போர் கண்டு வினவும் கலையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவ்வாண்டில் அவர் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்தே சுற்றி ஆராய்ந்தார். தஞ்சையில் பழைய தெருக்களை இடித்து நேர்கோடாகச் சாலைகள் போடுமாறு வகுத்திருந்த திட்டத்தை அவர் ஏற்கவில்லை. நோயாளியின் உடலைத் தேர்ந்த மருத்துவர் நோய்ப்பட்ட இடத்தில் மட்டும் அறுத்துக் குணப்படுத்துவார். அதுபோல, பாழடைந்த வீடுகளை மட்டும் நீக்கிக் காற்றுக்கும் ஒளிக்கும் வழி செய்தால் போதும் என்றார். குளங்களில் கொசு பெருகுகிறது, அவற்றைத் தூர்க்கவேண்டும் என்று சிலர் கூறியபோதும் அவர் மறுத்தார். குளத்தைத் தூய்மை செய்து மீனும் வாத்தும் வளர்த்தால் கொசு ஒழியும். குளமும் நிலைக்கும் என்பது அவர் காட்டிய வழி.

இவ்வறிவுரையைச் சென்னை முழுதும் பின்பற்றவில்லை. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரி வற்றவைக்கப்பட்டது. அவ்விடத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வீடும் வேண்டும், நினைவுச் சின்னமும் வேண்டும் என்பதில் தவறில்லை. ஆயின், ஏரியின் பெயர் மறைந்தாலும் பள்ளம் தன் இயல்பை மறப்பதில்லை. நீர் ஆண்டுதோறும் தன் பழைய இடத்தை நாடி வருகிறது.

ஆதலின் நகரமைப்போர்க்கு முறையான பயிற்சி வேண்டும். நிலத்தின் மேடுபள்ளம், நீரோட்டம், மக்கள்தொகை, போக்குவரத்து, சட்டம், பொருளாதாரம் ஆகிய பலவும் அவர் கற்கவேண்டியவை. விடுதலைக்குப்பின் இக்கல்வி நம் நாட்டில் வேரூன்றியது. 1951இல் இந்திய நகரமைப்பாளர் கழகம் தோன்றியது. 1955இல் தில்லியில் இதற்கெனத் தனிப்பள்ளி நிறுவப்பட்டது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, நகரமைப்புப் பள்ளியும் இத்துறையில் கல்வி அளிக்கிறது. எனினும் தேவையோ மிகப் பெரிது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை என்றது. அப்போது ஒப்பளிக்கப்பட்டிருந்த இடங்களோ 4,000க்கும் குறைவு. அவற்றிலும் பாதி நிரப்பப்படவில்லை. நாட்டின் 7,933 நகர்ப்புற ஊர்களுள் நூற்றுக்கு 65க்குப் பெருந்திட்டமே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. மருத்துவம் பயிலவும் பொறியியல் பயிலவும் போட்டியிடும் மாணவர், ஊரை நோயின்றிக் காக்கும் இக்கல்வியையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, "திட்டம் வகுப்பது கற்றோர் தொழில், பொதுமக்களுக்கு அதில் என்ன தெரியும்?" என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் பாதி உண்மை உண்டு. சாலையின் கீழே செல்லும் குழாயின் அளவைக் கணக்கிட எல்லாராலும் இயலாது. ஆனால் எந்தத் தெருவில் முழங்காலளவு நீர் நிற்கும், எந்த வாய்க்கால் அடைபட்டது, எந்தப் பாதையில் சிறுவர் பள்ளிக்கு நடந்து செல்ல அஞ்சுவர் என்பதை அத்தெருவில் நாற்பதாண்டு வாழ்ந்த முதாட்டியே நன்கு அறிவார். வரைபடம் காட்டாதவற்றை வாழ்க்கை காட்டும். அவ்வறிவைக் கேட்டுப் பெறாத வல்லுநர் அரைக்கண் மூடியவராவர்.

சட்டமும் இதற்கு இடம் தந்துள்ளது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, பெருந்திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வெளியிடப்படவேண்டும். குறித்த காலத்துக்குள் எவரும் தம் மறுப்பையும் கருத்தையும் எழுதித் தரலாம். சென்னைக்கு 2008இல் வந்த இரண்டாம் பெருந்திட்டம் 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. அடுத்த தலைமுறையின் தெருக்களை இத்தகைய ஏடுகளே முடிவு செய்கின்றன. இருந்தும் அவற்றை எடுத்துப் படிப்போர் யாவர்? நிலத்தின் விலையை அறிந்தோர் முதலில் படிக்கின்றனர்; நிலத்தில் நீர் நிற்கும் அளவை அறிந்தோர் கடைசியில் கேள்விப்படுகின்றனர். இம்முறை மாறவேண்டும். கற்ற இளைஞர் அவ்வேட்டை எளிய தமிழில் தம் தெருவினர்க்கு விளக்கி, அவர்தம் கருத்தை எழுத்தில் வடித்துத் தருவாராயின், அதுவே சிறந்த தொண்டாகும். குளத்தின் எல்லையை அளந்து குறித்தல், அடைபட்ட வாய்க்கால்களைப் பட்டியலிடுதல், தெருவிளக்குகளை எண்ணுதல் ஆகிய சிறு பணிகளும் அவ்வகையினவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொண்டர் உள்ளனர் என்பதற்காக அரசாங்கம் தன் கடமையைக் குறைத்துக்கொள்ளுதல் ஆகாது. நிரப்பவேண்டிய பணியிடத்தை ஊதியமின்றி உழைப்போரைக் கொண்டு ஈடுசெய்வது தொண்டையும் கெடுக்கும், தொழிலையும் கெடுக்கும். வடம் பிடிப்போர் மிகுந்தனர் என்று முட்டுக்கட்டை இடுவோரை வீட்டுக்கு அனுப்புவார் இல்லை.

இரு திறத்தாரும் இணைந்தால் விளையும் பயனைக் கெடிஸ் இந்தூரில் காட்டினார். 1917, 1918ஆம் ஆண்டுகளில் அவர் அந்நகருக்குத் திட்டம் வகுக்கச் சென்றபோது, அங்கே பிளேக் நோயின் அச்சம் இருந்தது. அவர் ஆணைகளைப் பிறப்பிக்கவில்லை. தீபாவளியை ஒட்டி ஒரு விழாவை அறிவித்தார். எத்தெருக்கள் மிகத் தூய்மையாக உள்ளனவோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்றார். வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, குப்பை வண்டி வண்டியாக அகன்றது. ஊர்வலத்தில் நோயைப் பரப்பும் எலியின் பேருருவம் சென்றது. தூய வெண்ணிற ஆடை அணிந்த துப்புரவுப் பணியாளர், மாலை சூட்டிய துடைப்பங்களுடன் பெருமிதமாக நடந்து வந்தனர். நகரைக் காப்போர் யாவர் என்பதை அன்று அந்நகரம் கண்ணாரக் கண்டது.

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் உலக நகரமைப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் அந்நாளில் நிகழ்கின்றன. நவம்பர் சென்னைக்கு மழைக்காலமும் ஆகும். அன்று மாணவர் தம் ஊரின் வரைபடத்தைக் கையில் ஏந்தி, ஆசிரியரின் துணையோடு ஒரு வாய்க்காலின் வழியே அது சேரும் இடம்வரை நடந்து பார்ப்பாராக. நீர் எங்கே தடைப்படுகிறது என்பதைக் குறித்துவந்து ஊராரிடம் காட்டுவாராக. தன் ஊரின் நீர்வழியை அறிந்த மாணவன் நாளை வல்லுநனானால் அவ்வழியை மறித்துத் திட்டம் வகுக்கமாட்டான். வல்லுநனாகாது குடிமகனாகவே வாழினும், மறிப்பாரைக் கண்டு வாளா இருக்கமாட்டான்.