தடையும் வழிநடத்தலே

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வாழும் தொடர்மாடிகளுக்கும், தஞ்சம் கோருவோர் விடுதிகளுக்கும் நற்செய்தி கூற வருவோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் நல்ல மனத்துடனேயே வருகின்றனர். மொழி தெரியாதவருக்குக் கடிதம் வாசித்துக் கொடுக்கின்றனர். குளிருக்கு உடுப்புக் கொண்டுவருகின்றனர். இவற்றை நாம் நன்றியோடு நினைவுகூருகின்றோம். ஆயினும், "உங்களிடம் போகும்படி கடவுளே என்னை ஏவினார்" என்று ஒருவர் வாசலில் நின்று கூறும்போது, அச்சொல்லின் பாரத்தை அவர் உணர்ந்துள்ளாரா என்பதே எமது கேள்வி. விசாவும் வேலையும் இன்றி விசாரணைத் திகதியை எதிர்பார்த்திருக்கும் ஒருவர், கடவுளின் பெயரால் வந்தவரிடம் "வேண்டாம்" என்று எங்ஙனம் கூறுவார்?

தேவ வழிநடத்தல் என்பது கிறிஸ்தவத்தில் புதியதொரு கருத்தன்று. அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 16ஆம் அதிகாரம் அதற்குத் தக்க சான்று. பவுல் ஆசிய மாகாணத்திற் போதிக்க விரும்பினார். பரிசுத்த ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குச் செல்ல முயன்றார், அதுவும் தடைப்பட்டது. பின்னர் துரோவா பட்டினத்தில், மக்கெதோனியன் ஒருவன் தங்களுக்கு உதவ வருமாறு வேண்டிநிற்பதை இரவுத் தரிசனத்திற் கண்டார். தரிசனம் கண்டவர் ஒருவரே. ஆனால் புறப்படுவதென்று முடிவுசெய்ததைக் கூறுமிடத்தில் நூலாசிரியர் "நாங்கள்" என்று பன்மையிலேயே எழுதுகின்றார். பிலிப்பி நகரில் அவர்கள் ஆற்றங்கரையிற் கூடியிருந்த பெண்களுடன் அமர்ந்து பேசினர். அங்கு செவிமடுத்த லீதியாள் என்ற வணிகப் பெண்மணி, தாமே வருந்தி அழைத்துத் தமது இல்லத்தில் அவர்களைத் தங்கவைத்தார். அவரது ஊர் தியத்தீரா. அவ்வூரோ, பவுல் தடுக்கப்பட்ட அதே ஆசிய மாகாணத்தைச் சேர்ந்தது!

இருமுறை "போகாதே" என்று கேட்டபின்னரே பவுலுக்கு "வா" என்ற குரல் கேட்டது. தடையைத் தமது விசுவாசத்துக்கு வந்த சோதனையாக எண்ணி அவர் முட்டிமோதவில்லை. அதனையும் வழிநடத்தலாகவே ஏற்றுக்கொண்டார்.

"எல்லாத் தடைகளுக்கும் பணிந்திருந்தால் திருச்சபை வளர்ந்திருக்குமா?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆலோசனைச் சங்கத்தார் பேசக்கூடாதென்று கட்டளையிட்டபோது, மனிதருக்கல்ல, தேவனுக்கே கீழ்ப்படிவோம் என்று பேதுருவும் மற்றையோரும் மறுத்தது உண்மை. ஆனால் பேசுபவனின் வாயை அடைக்கும் அதிகாரம் வேறு. கேட்க விரும்பாதவனின் மறுப்பு வேறு. முன்னதை அப்போஸ்தலர் மீறினர். பின்னதைக் குறித்தோ, ஏற்றுக்கொள்ளாத வீட்டையும் ஊரையும் விட்டுக் கால்தூசியை உதறிப் புறப்படுமாறு இயேசுவே தம் சீடருக்குப் பணித்ததாக மத்தேயுவின் நூல் கூறுகின்றது. அடித்துத் திறக்குமாறு அவர் பணிக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மறந்தால் நேர்வது யாது? 2018 நவம்பரில் அந்தமான் தீவுக்கூட்டத்திலுள்ள வட சென்டினல் தீவுக்கு, இந்திய அரசின் தடையை மீறி, ஜோன் அலன் சௌ என்ற 26 வயது அமெரிக்க இளைஞர் நற்செய்தி கூறச் சென்றார். தீவினர் எய்த அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்தைத் துளைத்ததாக அவரது நாட்குறிப்பே சொல்கின்றது. அதனை மறுப்பாகக் கொள்ளாமல் மீண்டும் சென்றார், உயிரிழந்தார். அவரை ஏற்றிச் சென்ற மீனவர்கள் கைதாகினர். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியற்ற அத்தீவினருக்கு அவரது வருகையே ஆபத்தாகியிருக்கக்கூடும். அவரது துணிவை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அழைப்பின் உறுதியினால் மாத்திரம் அழைப்பு மெய்யாகிவிடாது.

வற்புறுத்தலின் பயன் எத்தகையது என்பதை எமது மண்ணின் வரலாறும் அறியும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அரச உத்தியோகம் வேண்டுவோர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டுமென விதித்தனர். ஏடுகளிற் கிறிஸ்தவர் பெருகினர். 1795இல் அவ்வாட்சி அங்கு முடிவுற்றதும், அவர்களுட் பெரும்பாலோர் சைவத்துக்கே மீண்டனர். உத்தியோகத்துக்காகப் பெற்ற சமயம் உத்தியோகத்தோடு போயிற்று.

இன்று உத்தியோகத்தின் இடத்தில் அகதி விண்ணப்பம் நிற்கின்றது. "எங்களோடு ஜெபியுங்கள், விண்ணப்பம் ஏற்கப்படும்" என்று வாக்களிப்பதும், நிராகரிக்கப்பட்டால் "உங்கள் விசுவாசம் போதாது" என்று கூறுவதும், நொந்தவரை மேலும் நோகச் செய்வதாகும். தேவசித்தம் தமக்கு அறிவிக்கப்பட்டதென நம்புவோர், அதனைத் தம் சபையின் மூத்தோரிடம் முதலில் வைத்து ஆராயட்டும். வாசலுக்கு வந்தால், கேட்பவரின் மறுப்பும் அச்சித்தத்தின் ஒரு பகுதியாகலாம் என்பதை எண்ணட்டும். உதவிப் பொதியை மறுத்தவர் வாசலிலும் வைத்துச் செல்லட்டும்.

எமது வாசகர்களுக்கும் ஒரு சொல். விரும்பிக் கேட்பதும், நம்புவதும், சேர்வதும் உங்கள் உரிமை. அவ்வாறே, வந்தவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, "இவ்வளவு போதும்" என்று மரியாதையோடு அனுப்பிவைப்பதும் உங்கள் உரிமையே. அதனாற் கடவுள் எவர்மீதும் கோபங்கொள்ளமாட்டார்.